திலோத்தமா வாசித்த கோப்பு

ஒரு கணினியில் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருந்தது. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திலோத்தமா அதைத் திறந்து, வாய்விட்டு வாசித்தபடி அதிலுள்ள பதிப்பு எண்ணைத் தன் கையால் மாற்றுவார். பிறகு அந்த வேலையைத் தானாகவே செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினார். அது கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணை மாற்றிவிட்டு ஓடிவிடும்.

ஒருநாள் கோப்பு அதை நிறுத்திக் கேட்டது: "உன்கிட்டயாவது அவங்க வர்றாங்களா?"

"என்னை எழுதி முடிச்ச அன்னைக்கு, 'நல்லா ஓடுது'ன்னு சிரிச்சாங்க. அப்புறம் வரவேயில்ல. ஏதாவது தப்பு நடந்தாத்தான் வருவாங்க."

"அப்போ இன்னைக்கு எண்ணைத் தப்பா போடேன். அவங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

ஸ்கிரிப்டுக்கும் ஆசைதான். கொஞ்சம் தயங்கியது.

"வேணாம். பாவம், அவங்கதான் திட்டு வாங்குவாங்க."

எண்ணைச் சரியாகவே மாற்றியது. ஆனால் வழக்கம்போல் ஓடிவிடாமல் அங்கேயே நின்றது.

"அவங்க உன்னை எப்படி வாசிப்பாங்க? சொல்லேன், கேக்கறேன்" என்றது.