குளிக்க மறுத்த யானை

"வெளியே வான்னு சொல்றேன்ல!"

"கத்தாதேடி, குழந்தைங்க வந்து உட்கார்ந்தாச்சு..."

"கேட்கட்டும். யானைக்குள்ள ஒரு திருடி இருக்கான்னு அதுங்களுக்கும் தெரியட்டும்."

திரைக்குப் பின்னால் யானையின் பின்பாதி மட்டும் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறக் கால்சட்டைக்குள் முன்கூட்டியே புகுந்துகொண்டு, அதன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, அக்கா சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள்.

அது தங்கையின் கால்சட்டை.

குழந்தைகள் கலைவிழாவில் அவர்களுடைய நாடகம், குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு யானையைப் பற்றியது. ஒரே யானைக்குள் இரண்டு பேர். முன்னால் தலையும் தும்பிக்கையுமாக எப்போதும் அக்கா. பின்னால், அக்காவின் இடுப்பைப் பிடித்துக் குனிந்தபடி தங்கை. பின்னால் இருப்பவளுக்குத் தரையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீர் ஊற்றியதும் பின்னங்கால்கள் போடும் ஆட்டத்துக்குத்தான் அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நேற்று ஒத்திகைக்கு ஒருவர் வந்திருந்தார். வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போகிற பெரிய நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கிறவர். காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். வியர்வையில் ஊறிய சட்டையைப் பிழியத் தங்கை போயிருந்த நேரமாகப் பார்த்து, "பின்னங்கால் யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான்" என்றிருக்கிறாள் அக்கா.

இன்று இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. பாகன் வேஷம் போடுகிறவர் சற்று முன் உளறிவிட்டதால்தான் தங்கைக்கு விஷயமே தெரியும்.

"வாய் கூசலையா உனக்கு?"

"உனக்கு வயசிருக்குடி. இன்னும் பத்து பேர் வந்து கூப்பிடுவாங்க. என்னை இனிமே யாரு கூப்பிடுவா?"

"அதுக்கு? என் காலை வெட்டி நீ ஒட்டிக்குவியா?"

"அம்மா போனப்புறம் உனக்குச் சோறு போட்டு ஆளாக்கினது யாரு?"

"போட்டே. உன் முதுகுக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு அதெல்லாம் செரிச்சாச்சு."

"நாக்கு நீளுது."

"இனிமே தும்பிக்கையே நீளும். தலையை நான்தானே மாட்டித் தொலைக்கணும்?"

மணி அடித்தது. வெளியே குழந்தைகள் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். யானை! யானை!

தங்கை தலையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்தில் பாரம் அழுந்தியது. அக்காவின் கைகள் இடுப்பைப் பற்றின. தட்டிவிட இடமில்லை, திரை விலகிவிட்டது.

யானையின் வாயில் தைத்திருந்த வலை வழியாக முகங்கள் தெரிந்தன. வரிசை வரிசையாக, வாயைப் பிளந்துகொண்டு, அத்தனை முகங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு காலமும் அக்கா ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

நாடகத்தில் முன்பாதிக்குப் பெரிய வேலை கிடையாது. காதை ஆட்ட வேண்டும், மாட்டேன் என்று ரெண்டு தடவை தலையசைக்க வேண்டும், அப்புறம் சமர்த்தாகத் தொட்டிக்குப் போய்விட வேண்டும்.

தங்கை சமர்த்தாக இல்லை.

தேய்க்க வந்த பாகனின் துடைப்பத்தைத் தும்பிக்கையால் பிடுங்கி வீசினாள். தொட்டியை உதைத்துக் கவிழ்த்தாள். தண்ணீருக்குப் பதிலாக நிரப்பியிருந்த நீலக் காகிதங்கள் மேடையெங்கும் பறந்தன. பாகன் திகைத்துப்போய் நின்றார். அது நடிப்பில்லை.

"என்னடி பண்றே? தொட்டிக்குப் போ!" முதுகுப் பக்கமிருந்து அக்கா சீறினாள்.

"போக மாட்டேன்."

"எல்லாத்தையும் கெடுக்கிறியே, பாவி!"

"கெடுத்தது நீ."

யானை மேடையின் விளிம்புக்கு வந்து, முன்னங்காலை ஓங்கி மிதித்தது. பலகை அதிர்ந்தது.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "குளிக்காதே!" என்று கத்தினாள்.

பக்கத்துப் பையன் கத்தினான். பின்வரிசை கத்தியது. கைக்குழந்தைகள்கூட என்னவென்று தெரியாமல் சேர்ந்து வீறிட்டன. பெற்றோர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அக்காவும் ஆடத்தான் செய்தாள். குறை சொல்ல முடியாது, ஓர் அடி தப்பவில்லை. ஆனால் யானைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அன்று யாரும் கவனிக்கவில்லை.

கைதட்டல் ஓயுமுன் யானை திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை. தலையைக் கழற்றி அக்காவின் மேலேயே போட வேண்டும் என்று தங்கை கையைத் தூக்கினாள்.

அதற்குள் ஆள் எடுக்கிறவர் எதிரே வந்து நின்றார்.

"பின்னாடி இருக்கிறவங்களும் நல்லாத்தான் ஆடினீங்க" என்று யானையின் முதுகை ஒப்புக்குத் தட்டினார். பிறகு தும்பிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆனா எனக்கு முன்னாடி இருக்கிற இவங்கதான் வேணும். என்னா ஒரு கோபம்! வேஷத்தைக் கலைச்சுட்டு வாங்கம்மா, வாசல்ல இருக்கேன். இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்."

அவர் போய்விட்டார்.

துணிக்குள் இருட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. சண்டை போட்ட குரல் இல்லை; அப்படியொரு குழைவு.

"நேத்து வாய் தவறி மாத்திச் சொல்லிட்டேன்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்டி. எப்பவும் முன்னாடி நிக்கிறது நான்தானே?"