பூட்டிய ஃபைல்

வெலிங்டனில் படகுச் சீட்டு விற்கும் மென்பொருளைப் புதுப்பித்து வெள்ளிதோறும் அனுப்புவது நைரியின் பொறுப்பு. விற்ற சீட்டின் விவரம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலைக் கடைசி நிமிடத்தில் யாரோ வாராவாரம் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் பதிவில் அவள் குழுவின் இளைஞன் தவிட்டாவின் பெயர்.

"அதுல என்ன நோண்டுற?"

"சும்மா பார்த்தேன் நைரி."

சும்மாவா? போட்டிக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவனோ? அந்த வெள்ளி, அனுப்பும் முன்பே, அவன் தொட முடியாதபடி ஃபைலைப் பூட்டினாள்.

அடுத்த நாள் படகுத்துறையில் முந்நூறு பேர் சீட்டோடு நின்றார்கள். பயணிகள் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. விற்றதெல்லாம் ஒத்திகைக்கு மட்டும் வைத்திருந்த சோதனை சர்வருக்குப் போயிருந்தது.

"பூட்டியும் எப்படிடா நுழைஞ்ச?"

"நுழைய முடியல. அதான் இப்படி ஆச்சு. அந்த ஃபைல எழுதுற உங்க ஸ்கிரிப்ட் எப்பவும் சோதனை சர்வரத்தான் போடும். நான்தான் வாராவாரம் நிஜ சர்வருக்கு மாத்திவிடுவேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். 'என் ஸ்கிரிப்டுலயே குறை சொல்ல வந்துட்டியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க."