இரைச்சல் நீக்கி

ஆசிரியர் பேசுவதெல்லாம் ஜெசிந்தாவின் மூக்குக்கண்ணாடியில் எழுத்தாக ஓடும். காது கேளாத அவள்தான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள். ஆனால் வகுப்பே குலுங்கிச் சிரிக்கும்போது மட்டும் கண்ணாடி வெறுமையாக இருக்கும். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை. தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் காலை பழனிவேல் சாரிடமே கேட்டாள்.

"பாடம் பூரா வருதுல்லம்மா? பிள்ளைங்க குசுகுசுன்னு பேசுறதை இரைச்சல்னு கண்ணாடியே அழிச்சிடும். உன் நல்லதுக்குத்தான்."

"அந்த இரைச்சல் வேணும் சார்."

"மார்க் குறையும்."

"குறையட்டும் சார். பக்கத்துலயே உக்காந்திருக்கா ரஹீமா. அவ என்ன பேசுவான்னே எனக்குத் தெரியாது."

சார் கண்ணாடியை வாங்கி, அதிலிருந்த இரைச்சல் நீக்கியை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். பாடம் தொடங்கியது. அவருடைய வரிகளுக்கு நடுவே முதன்முதலாக ரஹீமாவின் வரி ஓடியது:

"ஏ ஜெசி, இதுக்காவது சிரிடி. சார் மீசையில சட்னி!"