ஐசக் செய்த ஜிக்

"சார், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உள்ள வந்து நீங்களே கண்ணால பாருங்க."

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த முதலாளி சுப்பராயலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு. எட்டுக்குத்தான் ஷிஃப்டு.

"விடிஞ்சதும் விடியாததுமா வரச் சொல்லிட்டு மர்மக் கதை சொல்றே. என்னய்யா விஷயம்?"

"அஞ்சம்மா சார். நான் துளை போட்டு வெச்ச ட்ரேல கை வெக்குது" என்றார் ஐசக்.

நேற்று வாட்ச்மேன் மாரி பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான் ஆரம்பம். "அஞ்சம்மா டெய்லி ஆறு மணிக்கே வந்துடுதுப்பா. சாவிய வாங்கிக்கினு போவுது." அதைக் கேட்டதிலிருந்து ஐசக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சுப்பராயலுவின் ஷெட்டில் மிக்ஸிக்குப் போகும் 'புஷ்' என்ற சிறு நைலான் உருளைகளுக்குத் துளை போடுகிறார்கள். ஆறு வருஷமாக அது அஞ்சம்மாளின் வேலை. புஷ்ஷை வைஸ் பிடியில் இறுக்குவாள், ட்ரில்லைக் கொஞ்சம் இறக்குவாள், தூக்குவாள், தண்ணீர் தொட்டு வைப்பாள், மறுபடி இறக்குவாள். தலைகீழாக நின்றாலும் நாளைக்கு இருநூற்றைம்பது தாண்டாது.

மூன்று மாதம் முன்பு ஐசக் வந்து சேர்ந்தார். காலமெல்லாம் இரும்புப் பட்டறைகளில் காய்த்த கை.

"இன்னாம்மா, கோழி கொத்துற மாதிரி கொத்திக்கினு கீறே?"

"கொத்தினாத்தாண்ணா இதுக்கு சரிப்படும்" என்றாள். அவர் சிரித்தார்.

ட்ரில்லுக்கு அடியில் புஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொள்ள, கழிவு இரும்பைப் பொறுக்கி ஒரு ஜிக் செய்தார். புஷ்ஷைச் சொருக வேண்டியது, பிடியை அழுத்த வேண்டியது, ஒரே இறக்கம். நாளைக்கு எழுநூறு!

சுப்பராயலு அசந்துபோனார். "பத்து நாள் பார்ப்போம். அனுப்புன சரக்குல ஒரு லாட்டும் அளவு தப்புன்னு திரும்பி வரலேன்னா நீ பர்மனென்ட்."

அந்தச் சந்தோஷத்தில் ஐசக் வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே ட்ரில்லுக்கு ஒரு ஆளே போதும் சார்."

அஞ்சம்மாளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அது யார் கொடுத்த யோசனை என்று அவளுக்குத் தெரியாது என்பதில் ஐசக்குக்கு ஒரு நிம்மதி.

இன்று வெள்ளி. ஒன்பதாவது நாள். லாட் திரும்பினால் ஜிக் போய்விடும். ஜிக் போனால் அவள் வேலை தங்கிவிடும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இருவரும் சத்தமில்லாமல் வாசலில் நின்றார்கள். அஞ்சம்மாள் கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஐசக்கின் ட்ரேயிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்தாள். துளை சீவும் ரீமர் கம்பியை உள்ளே விட்டுத் திருகினாள். பிசிறை ஊதிவிட்டு வேறொரு ட்ரேயில் போட்டாள்.

"பார்த்தீங்களா சார்? துளையச் சுரண்டுது!"

அவள் பதறி எழுந்தாள்.

சுப்பராயலு அளவு பார்க்கும் கேஜ் பின்னை எடுத்தார். அவள் திருகிப் போட்ட புஷ் ஒன்றில் விட்டார். வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் இன்னும் தொடாத புஷ் ஒன்றில் விட்டார். போகவில்லை. அடுத்தது. அதிலும் போகவில்லை. பத்து பார்த்ததில் எட்டு முரண்டு பிடித்தன.

ஐசக்கே பின்னை வாங்கி இன்னொன்றில் விட்டுப் பார்த்தார். "துளை போட்டதும் நானே ஒவ்வொண்ணா பார்த்தேன் சார். எல்லாத்துலயும் பின் போச்சு."

"சூட்டுல போவும்ண்ணா" என்றாள் அஞ்சம்மாள். "இது இரும்பு இல்ல, நைலானு. ஒரே இறக்கா இறக்கினா சூடேறிக்கும். ஆறினப்புறம் துளை சுருங்கிடும்."

"எத்தனை நாளா இதைப் பண்றே?" சுப்பராயலு கேட்டார்.

"ஜிக்கு வந்த மறுநாள்லேர்ந்து சார். ஒம்போது மணிக்கு சரக்கு எடுக்க வேன் வந்துடுமே."

"நீ பாட்டுக்குப் பேசாம இருந்திருந்தா லாட் திரும்பியிருக்கும். ஜிக்கைக் கடாசிட்டு உன்னையே மறுபடி ட்ரில்லுல உட்கார வெச்சிருப்பேன். அது தோணலையா உனக்கு?"

"தோணிச்சு சார்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மொத நாள் காலைல கொஞ்ச நேரம் சும்மாத்தான் குந்திக்கினு இருந்தேன். அப்புறம்... அண்ணனுக்கு இது நாலாவது கம்பெனியாம். சோறு துன்னும்போது சொல்லிக்கினு இருந்தாரு. இதுவும் போச்சுன்னா எங்க சார் போவாரு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மொதல்ல ஜிக்கத்தான் கடாசுவீங்க."

ஐசக் தன் ட்ரேயை எட்டிப் பார்த்தார். அதில் பாதி புஷ் இன்னும் மிச்சமிருந்தது.

அஞ்சம்மாள் ரீமரைத் துணியில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாண்ணா, பழகிக்கோ. நான் நாளையோட நின்னுடறேன். அன்னிக்கு நீ சொன்னாப்பல ஒரு ஆளே போதும். இன்னா, காலைல ஆறு மணிக்கே வந்துடணும், அவ்ளோதான்."