பார்வை படாத பக்கம்

"என் மூக்கை மட்டும் பாருங்க பாய். கையைப் பாக்கக் கூடாது. விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

காதர் மைதீன் கட்டிலில் சாய்ந்தபடி நர்ஸ் பூமயிலின் மூக்கையே பார்த்தார். வலது பக்கம் விரலை ஆட்டியதுமே, "ஆடுது" என்றார். இடது பக்கம் ஆட்டினாள். பதில் இல்லை. விரலை மெல்ல மெல்ல நகர்த்தி மூக்குக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான், "இப்பத் தெரியுது" என்றார்.



தோணிக்காரர் அவர். வாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோய் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நடக்கப் பழக்கும்போதெல்லாம் இடது பக்கத்துக் கதவில் போய் முட்டிக்கொள்வார். கால்தான் சரியில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நடை பழகுகிறவர்கள் அத்தனை பேருக்கும் கண்ணையும் சோதிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

ஆனால் பூமயிலின் கவலை வேறு. கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் ஹமீது சுல்தான் தினமும் உட்கார்ந்திருந்தது அந்த இடது பக்கத்தில்தான். வாயே திறக்க மாட்டான், எப்போதாவது தொண்டையைச் செருமுவதோடு சரி. வாப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பான். நடக்கப் பழக்கும்போதும் இடது பக்கமாகவே பின்னால் வருவான். அவரும் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. இப்போது டீ குடிக்கப் போயிருந்தான். மத்தியானம் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடித்துத் திரும்ப வேண்டியவன்.

நேற்றுதான் அவளிடம் மனம் விட்டுப் பேசினான். "வாப்பா தன் தங்கச்சி மகளை எனக்குப் பேசி வச்சிருந்தாக. நான் சொல்லாமக் கொள்ளாம கொழும்புல கல்யாணம் பண்ணிக்கிட்டேன் நர்சம்மா. அன்னையிலேருந்து என்னை வாசப்படி ஏத்தல. இப்பப் பக்கத்துல உக்கார விட்டிருக்காக. போடான்னு ஒரு வார்த்தை சொல்லல. மன்னிச்சிட்டாகன்னுதானே அர்த்தம்?"

"பின்னே?" என்று இவளும் சொல்லி வைத்திருந்தாள்.

பூமயில் அவனுடைய உம்மா ரம்ஜான் பீவியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். "ஏம்மா, பாய்க்கு இடது பக்கம் பார்வையே இல்லை. மகன் வந்திருக்கிறதே அவருக்குத் தெரியாது. வலது பக்கம் வந்து உக்காரச் சொல்லுங்க."

ரம்ஜான் பீவி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் போடாத தாயி. எனக்குத் தெரியும். தட்டுல இடது பக்கத்துச் சோறு மட்டும் அப்படியே கெடக்கும். அதைப் பாத்துத்தான் அவனை அங்கன உக்கார வச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"வேற என்ன செய்யச் சொல்றே? மௌத்தாகுற மட்டும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு அல்லா மேல ஆணையிட்ட மனுசன். பாத்தாகன்னா கத்துவாக. இன்னொரு தடவை ரத்தக் கொதிப்பு ஏறினா ஆளு மிஞ்சாதுன்னு உங்க டாக்டருதானே சொன்னாரு? பிள்ளையோ கடல் தாண்டி வந்துட்டான். வாப்பாவுக்கு உன் மேல கோவமில்லடா, நீ மட்டும் வாயைத் தொறக்காதன்னு ஒரு பொய்யைச் சொல்லி உக்கார வச்சேன். பாவம்னா என் தலையோட போகட்டும்." முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

பூமயில் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அவன் வலது பக்கம் ஓடிவந்து நிற்பான். அப்புறம் பெரியவர் தாங்குவாரா? அட ஆண்டவனே, நம்பிக்கையோடேயே கப்பல் ஏறட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஹமீது சுல்தான் வந்தான். கிளம்புமுன் வாப்பாவின் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காதர் மைதீன் வலது பக்கத்துச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா நர்சம்மா, கையை இழுத்துக்கல" என்று அவள் காதோடு சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கையை அவரால் இழுக்கவே முடியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ரம்ஜான் பீவியும் வழியனுப்ப வாசலுக்குப் போனாள்.

பூமயில் கட்டிலருகே வந்தாள். "பாய், இனிமே நடக்கும்போது தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பாக்கணும். திருப்பினா அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் தெரியும்."

"அது எனக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த மறுநாளே தெரியும் தாயி."

"தெரியுமா? பின்னே ஏன் திருப்பாம இத்தனை தடவை முட்டிக்கிட்டீங்க?"

காதர் மைதீன் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அவன் செருமுற சத்தம் பெத்தவனுக்குத் தெரியாதா? திருப்பினா முகம் தெரிஞ்சிரும், ஆணை முறிஞ்சிரும். பிள்ளையும் பக்கத்துல இருக்கணுமே, நான் என்ன செய்யட்டும்? அவன் ரயிலேறிட்டானான்னு பாத்துச் சொல்லு தாயி, அதுக்கப்புறம் திருப்புறேன்."