ஏழாவது பேண்டு

"சார், உங்க லிஸ்ட்ல ஏழாவதா 'வயலட் டிராம்'னு ஒரு பேண்டு போட்டிருக்கீங்களே, அது நிஜமாவே இருந்துதா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

கோட்டூர்புரத்தில் கிஷோரின் வீட்டு வாசலில் நின்று கேட்டாள் ஜெயபாரதி. நாற்பது வயதிருக்கும். வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

கிஷோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'தவறவிடக் கூடாத பத்து சிந்த் பாப் பேண்டுகள்' என்று அவன் இணையத்தில் எழுதி ஒரு வருடமாகிறது. எண்பதுகளில் சிந்தசைசர் கீபோர்டை வைத்துக்கொண்டு கலக்கோ கலக்கென்று கலக்கியும் நம் ஊரில் பெயர் எட்டாத குழுக்கள். பெல்ஜியத்தின் டெலெக்ஸ், ஜப்பானின் பி-மாடல் என்று தேடித் தேடி எழுதியிருந்தான். படித்தவர்களே சொற்பம். அதில் ஒருத்தி வீடு தேடி வருவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"ஏன் கேக்கறீங்க?"

"எங்கப்பா துரைராஜ், கல்யாணக் கச்சேரிங்கள்ல முப்பது வருஷம் கீபோர்டு வாசிச்சவரு. மூணு மாசமா மறதி. சாப்பிட்டுட்டு சாப்பிடலைங்கறாரு. என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடறாரு. போன வாரம் உங்க லிஸ்ட்டைப் படிச்சுட்டு, 'இந்த வயலட் டிராம்காரங்க மெட்ராஸுக்கு வந்தாங்க, அந்த ரெக்கார்டுல நான்தான் கீபோர்டு'ன்னு ஆரம்பிச்சாரு. எங்க அண்ணன் நெட் பூரா தேடிட்டான். உங்க பக்கத்தைத் தவிர எங்கயும் அந்தப் பேரே இல்லை. இல்லாததையெல்லாம் நடந்ததுங்கறாரு, இனிமே வீட்ல வெச்சுக்க முடியாதுன்னு சாந்தோம்ல ஒரு முதியோர் ஹோம்ல சொல்லிட்டான். நாளைக்குக் காலைல கொண்டுபோய் விடணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் ஆரம்பக் கட்டம்தான்னு சொல்றாரு சார். அந்த பேண்டு மட்டும் நிஜம்னா, அண்ணன்கிட்ட சண்டை போட்டாவது அப்பாவை என்கூடவே வெச்சுப்பேன். பெத்தவரை ஹோம்ல விட்டுட்டு எனக்கு எப்படி சார் சோறு எறங்கும்?"

வயலட் டிராம் என்று ஒரு பேண்டே கிடையாது.

அவன் எழுதுவதை அப்படியே சுட்டுத் தங்கள் பெயரில் போட்டுக்கொள்கிற புண்ணியவான்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே, ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பேண்டை அவனே கட்டிவிடுவான். ஊர், வருடம், என்ன கீபோர்டு வாசித்தார்கள் என்பது வரை எழுதுவான். சுட்டவன் அதையும் சேர்த்துச் சுட்டால் மாட்டினான். இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கடைசியில் மாட்டியது ஒரு பாவப்பட்ட பெரியவர்.

"வாங்க, அப்பாவையே பார்க்கறேன்" என்றான். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

நந்தனத்தில் ஹவுசிங் போர்டு வீடு. இரண்டாம் மாடி. ஜன்னலோரம் பனியனோடு உட்கார்ந்திருந்தார் துரைராஜ். பக்கத்தில் ஒரு பை, துணிமணி அடுக்கித் தயாராக இருந்தது.

"அப்பா, லிஸ்ட் எழுதினவரு வந்திருக்காரு."

"வா நைனா. நாஸ்டா பண்ணியா? எனக்கு இன்னும் ஒண்ணுமே குடுக்கல."

"இப்பதான் ஆறு இட்லி சாப்பிட்டாரு" என்றான் அண்ணன் புகழேந்தி. பிறகு கிஷோரிடம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க சார். அப்படி ஒரு பேண்டு இருந்துதா?"

மூன்று பேரும் கிஷோரையே பார்த்தார்கள். ஜெயபாரதி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் நாளைக் காலையில் அந்தப் பை கிளம்பிவிடும். அந்தப் பாவம் ஜென்மத்துக்கும் தன்னை விடாது என்று கிஷோருக்குத் தோன்றியது.

"இருந்துது" என்றான். "முந்நூறு காப்பிதான் போட்டாங்க. அதான் நெட்ல கிடைக்கலை. அட்டைக்குப் பின்னால 'கீபோர்டு, துரை, மெட்ராஸ்'னு இருக்கும். நானே பார்த்திருக்கேன்."

ஜெயபாரதி அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். புகழேந்திக்கும் முகம் என்னவோ போலாகிவிட்டது. "மன்னிச்சுடுப்பா. உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்" என்று சொல்லி, ஹோமுக்கு போன் போட்டு வேண்டாமென்று சொல்ல வெளியே போனான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

கிஷோருக்கு மனசு லேசானது. பொய்தான். ஆனாலும் ஒரு குடும்பம் பிழைத்தது.

துரைராஜ் அவனைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"நைனா, எண்பத்தொண்ணுல வந்த ரெக்கார்டுல ஒரு கீபோர்டு வாசிச்சாங்கன்னு எழுதிக்கீறியே, அது மார்க்கெட்டுக்கு வந்ததே எண்பத்தி மூணுலதான். படிச்ச அன்னிக்கே தெரியும், அது நீயா கட்டிவுட்ட பேண்டுன்னு. இப்போ இன்னாத்துக்கு இருக்குதுன்னு புளுகுன?"

கிஷோர் அவர் பக்கம் குனிந்தான். "அப்போ... தெரிஞ்சே ஏன் சார் அதுல வாசிச்சேன்னு சொன்னீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கச்சேரில டிரம்ஸ் வாசிச்ச ஏசுராஜ் அந்த ஹோம்லதான் கீறான், அவன் ரூம்ல ஒரு கட்டிலு காலியா கீது. ஆசப்பட்டு போறேன்னா, 'நான் ஒழுங்கா பாத்துக்கலியா'ன்னு எம்பொண்ணு அழுதே நிறுத்திடும்னு, மூணு மாசமா பாடுபட்டு ஒண்ணொண்ணா மறந்துக்கினு வந்தேன். ஒரே நிமிஷத்துல என்னக் கொணமாக்கிட்டியே நைனா."