கை மாறிய பட்டை

"அண்ணாச்சி, உங்க இதயம் இன்னைக்கும் தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வீட்டு டயாலிசிஸ் இயந்திரம் கைவிரித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் இதே இயந்திரம்தான். நேற்றே போய் இதே பதிலைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சங்கரபாண்டியின் முகமும் காலும் நீர் கோத்து வீங்கியிருந்தன. "ஏட்டி கோமு, படுத்தா மூச்சு முட்டுது. எப்படியாவது அதை ஓட வையி" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

கோமதி யோசிக்கவில்லை. இதயத்தைக் கவனித்து இயந்திரத்துக்குச் சொல்லும் பட்டையை அவர் மணிக்கட்டிலிருந்து கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். உடனே இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"அருமை அண்ணாச்சி! இன்னைக்கு இதயம் திடமா இருக்கு. தேங்கின தண்ணியை வேகமாவே எடுத்துரலாம்."

குழாயில் ரத்தம் ஓடியது. அவருடைய மூச்சிரைப்பு தணியத் தணிய, கோமதி குலசாமிக்கு நேர்ந்துகொண்டே இருந்தாள். பிறகுதான் தன் பிடிக்குள் அவர் விரல்கள் சில்லிட்டுப்போனது உறைத்தது. அவர் கண்கள் செருகியிருந்தன.

"அத்தான்... அத்தான்! ஏய், நிறுத்து! அவருக்கு என்னமோ ஆவுது!"

இயந்திரம் கனிவாகச் சொன்னது: "பதறாதீங்க அண்ணாச்சி. இதயம் கொஞ்சம் படபடன்னு அடிக்குது, அவ்வளவுதான். நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."